கஷ்டமான பவளம் நமக்கு வேண்டாமே!

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் புனேயில் நம்மூர்க்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "பவளம் வைக்கலாமாங்க?" என்பதுதான். இரண்டாவது, "கஷ்டம்னு சொல்றாங்களே, அப்படி என்ன கஷ்டம்?" ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் விளக்கியதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன தங்கமணி, "ஒரு தடவை எழுதித் தொலைச்சுட்டா எல்லாருக்கும் அதையே அனுப்பிடலாமே" என்று வழி சொன்னார். அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபீஸில் ஆணி அதிகம் உள்ளவர்கள் ராத்திரி படித்துக்கொள்ளுங்கள் :-)

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் ஊருக்கு ஓடி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியோ வீடோ மாற்றும் நம்மைப் போன்றவர்கள் கடினமான பவளங்களை வீட்டில் வைக்கக் கூடாது. காசு இருந்தாலும் சரி, ஆர்வம் இருந்தாலும் சரி. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் நான் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த மட்டும் இதை எழுதவில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நாலடித் தொட்டி ஒன்று ஒன்பது வருஷமாக ஓடுகிறது. அதில் பவளம் கிடையாது. பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஜோடி ஒன்று, வேறு சில மீன்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரியும் நத்தைகள், செயற்கைக் கல். அவ்வளவுதான். பவளம் பழகியது அதற்கு முன்னால், ஆன்சைட்டில் நியூஜெர்சியில் இருந்த இரண்டு வருஷத்தில். கூடத் தங்கியிருந்த திருச்சிக்காரர் பெரிய பவளத்தொட்டி வைத்திருந்தார். மாதத்தில் பாதி நாள் அவர் வேறு ஊர்களில் இருப்பார். அந்தப் பாதி நாளும் தொட்டிக்கு நான்தான் ஆயா.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல் ஞாபகம் வந்தால் அதை மறந்துவிடுங்கள். அது மத்தியதரைக் கடல் பக்கத்துச் சமாசாரம், வேறு இனம். இங்கே பேசுவது பார் கட்டும் பவளத்தையும் அதன் உறவினர்களையும். ஒரு கொத்துப் பவளம் என்பது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சின்ன உயிரிகள் சேர்ந்து குடியிருக்கும் அடுக்குமாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள் மாதிரி நீட்சிகள். உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாடகைக்கு இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பாசி சமைக்கும். சமைத்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். பவளம் அந்தத் தெம்பில் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்து எலும்புக்கூடு கட்டும். தண்ணீர் அதிகம் சூடானால் இந்த வாடகை ஒப்பந்தம் முறியும், பாசி வெளியேறும், பவளம் வெளுத்து வெள்ளை எலும்பு தெரியும். அந்த நிலையில் உடனே செத்துவிடாது. சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் போய்விடும்.

சரி, எது 'கஷ்டமான' பவளம்? என் கணக்கில் மூன்று ரகம்.

முதல் ரகம், தானாகச் சமைக்கத் தெரியாதவை. சூரியப் பவளம் என்று ஒன்று உண்டு. ஆரஞ்சு நிறத்தில் சாமந்திப்பூ மாதிரி விரியும், பார்த்தால் விடமாட்டீர்கள். பெயர்தான் சூரியன், அதற்குச் சூரியனே வேண்டாம். உள்ளே பாசி கிடையாது. அதனால் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகச் சாப்பாடு ஊட்ட வேண்டும். மோட்டாரை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, அது விரியக் காத்திருந்து, குழாயால் சின்ன இறால் துணுக்குகளை ஒவ்வொரு வாயிலும் விட வேண்டும். நாற்பது வாய் இருந்தால் நாற்பது தடவை. வாரத்தில் மூன்று நாலு நாள். வாய் தவறி விழுந்த துணுக்கு அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், பிறகு அதைச் சுத்தம் செய்ய வேண்டும். இதே ரகத்தில் கார்னேஷன் பவளம் இன்னும் மோசம். அதற்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தூசி, அதுவும் நாள் முழுக்க விடாமல். கடலில் ஓட்டம் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். வீட்டுத்தொட்டியில் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கி உருகிவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இரண்டாவது ரகம், கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்காதவை. மான்கொம்பு மாதிரி கிளைவிடும் அக்ரோபோரா இந்த ரகத்தின் ராஜா. உப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25, 26 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் பக்கம், மக்னீசியம் 1300 பக்கம், காரத்தன்மை 8 டிகேஹெச் பக்கம் என்று புத்தகம் சொல்லும். இந்த எண்களைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் யாரும் பிடித்துவிடலாம். திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு நாளும் அங்கேயே நிற்க வைப்பதுதான் வேலை. ஏனென்றால் பவளம் எலும்பு கட்டக் கட்டக் காரத்தன்மை இறங்கும். நன்றாக வளரும் தொட்டியில் நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று இறங்குவது சகஜம். எட்டரையில் இருக்கும் தொட்டியில் மருந்து சொட்டும் மோட்டார் மூன்று நாள் நின்றால் நாலுக்கு வந்துவிடும். 'ஐயோ குறைந்துவிட்டதே' என்று ஒரே மூச்சில் ஏற்றினால் அதுவும் ஆபத்து. கோபித்துக்கொண்ட அக்ரோபோரா அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தால், சில நேரம் ராத்திரி பார்த்தது காலையில் வெறும் வெள்ளைக் குச்சியாக நிற்கும்.

மூன்றாவது ரகம், ஏன் சாகிறது என்றே சொல்லாமல் சாகிறவை. பூந்தொட்டிப் பவளம் எனப்படும் கோனியோபோரா. நீண்ட காம்புகளில் பூக்கள் அசைகிற அழகே தனி. வாங்கியதும் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். பிறகு காம்பு குட்டையாகும், ஒரு பக்கம் விரியாது, ஒரு வருஷத்துக்குள் காலி. பல வருஷங்கள் மேலைநாட்டு அனுபவசாலிகளே 'இதை வாங்காதே' என்றுதான் எழுதினார்கள். இப்போது தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகளும் ஒழுங்கான உணவும் கிடைப்பதால் நிலைமை எவ்வளவோ தேவலை. எலிகன்ஸ் பவளத்தின் கதை நேர்மாறு. ஒரு காலத்தில் 'ஆரம்பநிலைக்காரர்களுக்கு ஏற்றது' என்று பெயர் வாங்கியது, தொண்ணூறுகளின் கடைசியில் இருந்து வீங்கி வீங்கிச் சாக ஆரம்பித்தது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். இவற்றையெல்லாம் வெற்றிகரமாக வளர்ப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். திருச்சிக்காரரே அக்ரோபோராவை விரல் நீளத் துண்டில் தொடங்கி இரண்டு கை அகலத்துக்கு வளர்த்தார். ஆக, முடியாது என்பதில்லை. தினமும் ஆள் வேண்டும், அதுதான் விஷயம். ஒரு நாள் கூட 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ள முடியாத உயிரைத்தான் நாம் கஷ்டமான பவளம் என்கிறோம்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம்.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு எப்போது டிக்கெட் திறக்கும் என்று காத்திருந்து முன்பதிவு செய்கிறோம். குறைந்தது 15 நாள், கல்யாணம் காட்சி இருந்தால் 20 நாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் புனேயில் வெளியே 38, 40 டிகிரி. பூட்டிய வீட்டுக்குள் ஏசி இல்லாமல் தொட்டித் தண்ணீர் 31, 32 தாண்டிவிடும், மோட்டார்களின் சூடு வேறு. சில்லர் வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் கரண்ட் போனால்? வியாழக்கிழமை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துவதும், மே கடைசியில் இடிமழையில் போவதும் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இன்வர்ட்டர் சின்ன மோட்டாரைத் தாங்கும், சில்லரை எவ்வளவு நேரம் தாங்கும்?

சில்லர் வேண்டாம், மேலே ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையுமே என்பார்கள். குறையும். தண்ணீர் ஆவியாவதால்தான் குறைகிறது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். ஃபேன் ஓடினால் நாளைக்கு 4 லிட்டர் போவது சாதாரணம். 15 நாளில் 60 லிட்டர். யாரும் நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் 35 இருந்த உப்பு 46 ஆகிவிடும். பவளத்தை விடுங்கள், மீனே தாங்காது. தானாக ஊற்றும் கருவி உண்டு. அதன் மிதவை ஒரு நத்தை ஏறி உட்கார்ந்ததால் சிக்கிக்கொண்ட கதையெல்லாம் இந்தப் பொழுதுபோக்கில் உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆள் வைத்துக்கொள்ளலாமே? மதுரைக்கார நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் போனபோது வாட்ச்மேனின் மகனிடம் சாவி கொடுத்து, ஆர்.ஓ. தண்ணீர்க் கேன்களையும் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். பையன் நல்ல பையன். பத்தாவது நாள் கேன் தீர்ந்தது. போன் செய்து தொந்தரவு தரக் கூடாதென்று, பாத்ரூம் குழாயில் வரும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினான். தூசி படிந்திருக்கிறதே என்று வெளிப்பக்கக் கண்ணாடியைக் கொசு விரட்டும் மருந்து பட்ட துணியால் துடைத்தும் வைத்தான். நண்பர் திரும்பி வந்தபோது வீட்டு வாசலிலேயே நாற்றம். பையனை ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். எப்படித் திட்டுவது? நாம் மூன்று வருஷம் படித்துத் தெரிந்துகொண்டதை அவனுக்கு மூன்று நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறோம்.

அடுத்தது வீடு மாறுவது. 250 லிட்டர் தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 350 கிலோவுக்கு மேல். வீட்டு ஓனர் முதலில் முகம் சுளிப்பார். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து அவர் காலி செய்யச் சொன்னால், கட்டில் பீரோவை ஏற்றுவது மாதிரி பவளத்தை டெம்போவில் ஏற்ற முடியாது. ஒரே நாளில் பிரித்து, ஊற்றி, நிரப்பி, மறுபடியும் அதே எண்களுக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்ய நேரமில்லாமல் விற்றுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வாங்கியவரும் நம்மைப் போல வாடகைக்காரர்தான். இப்படி நாலு வீடு மாறிய பவளம் ஐந்தாவது வீட்டைப் பார்ப்பதில்லை.

இனி சட்டம். தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பார் கட்டும் பவளங்கள் எல்லாம், கரும்பவளம், ஆர்கன் குழாய்ப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகிய இவை அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. 2022இல் சட்டத்தைத் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தபோதும் பவளத்துக்கான பாதுகாப்பு போகவில்லை. முதல் அட்டவணை உயிர்கள் சம்பந்தமான குற்றத்துக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உயிரோடு இருந்தால்தான் குற்றம் என்றும் இல்லை. ஷோகேஸில் வைக்கும் வெள்ளைப் பவளக் கொத்தும் இதில் வரும். ராமேஸ்வரம் போன மாமா ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

கடையில் கேட்டால், "சார், இது ஃபாரின் மால், பேப்பர் இருக்கு" என்பார்கள். பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இனத்தின் பெயர், ஏற்றுமதி அனுமதி, இறக்குமதி அனுமதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு கடையில் காட்டப்பட்ட 'பேப்பர்' மீனுக்கான பில். பவளம் என்ற சொல்லே அதில் இல்லை.

இந்த இடத்தில் நண்பர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: "அது ஏற்கெனவே கடலில் இருந்து எடுத்தாச்சு. நான் வாங்காவிட்டால் கடைத்தொட்டியில் சாகும்." உண்மைதான், அந்த ஒரு கொத்து சாகும். நீங்கள் வாங்கினால் காலியான அந்த இடத்துக்கு அடுத்த வாரம் இன்னொன்று வரும்.

இரண்டு: "தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டு, கடலில் இருந்து எடுத்ததில்லை." இதில் நியாயம் இருக்கிறது. ஒரு கிளையை வெட்டி ஒட்டினால் அது புதுக் கொத்தாக வளரும் என்பதை வைத்து வெளிநாடுகளில் ஒரு பெரிய தொழிலே நடக்கிறது, அதனால் கடலில் எடுக்கும் தேவை குறைகிறது. நம் சட்டம் கடலில் பிடுங்கியதையும் தொட்டியில் பிறந்ததையும் ஒரே கண்ணால் பார்ப்பது எனக்கும் வருத்தம்தான். பதிவு செய்த பண்ணை, அடையாள எண், கடலோர மக்களுக்கு வருமானம் என்று ஒரு வழியை அரசு யோசிக்கலாம். கோமாளி மீன் விஷயத்தில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பொரிப்பக முறையை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு வழி வரும்வரை, 'இது தொட்டியில் பிறந்தது' என்று வாயால் சொல்வதை நிரூபிக்க வழியில்லை. கடலில் உடைத்த துண்டையும் அதே வார்த்தை சொல்லித்தான் விற்பார்கள். நிரூபிக்க முடியாத நியாயத்தின் மறைவில் திருட்டுதான் வளரும்.

மூன்று: "கடல் சூடாகி எல்லாம் அழியப் போகிறது. வீட்டுத்தொட்டியிலாவது மிஞ்சட்டும்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு என்றால் எந்தக் கடலில் இருந்து, எந்தக் கொத்து, என்ன மரபு என்ற கணக்கு வேண்டும். முப்பது வருஷத்துக்கு ஆள் வேண்டும். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கும் தொட்டியில் அது நடக்காது. நடக்கிற இடம் வேறு. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் பல வருஷங்களாக மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்த்து வருகிறார்கள். வெட்டி ஒட்டும் அதே வித்தைதான், ஆனால் கடலிலேயே.

நான் தூத்துக்குடிக்காரன். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை கடலில் வரிசையாக 21 தீவுகள். அவற்றைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளம். கோனியோபோராவும் அதில் உண்டு, அக்ரோபோராவும் உண்டு. 1986இல் அது கடல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் படகு படகாகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச்சின் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், பவளக் கல் தெரியும். வெட்ட வெட்ட அலையைத் தடுக்கும் அரண் போனது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21 என்று சொல்கிறோமே தவிர, தலை தூக்கி நின்றவை 19தான். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் கரைந்துகொண்டே வந்து, செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கித்தான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

வெட்டுவது நின்ற பிறகும் நிம்மதி இல்லை. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய வருஷங்களில் பவளம் வெளுத்தது. இடையில் இன்னொரு வம்பு. தொழிலுக்காக வெளியில் இருந்து கொண்டுவந்து மண்டபம் பக்கம் வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, வேலியைத் தாண்டிக் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் போர்வை மாதிரி படர்ந்தது. நான் மேலே சொன்ன சூரியப் பவளமும் பிரேசில் கரையோரத்தில் இப்படித்தான் அழையாத விருந்தாளியாகப் பரவிக்கிடக்கிறது. தொட்டியைக் கலைக்கும்போது 'பாவம், கடலிலேயே விட்டுவிடலாம்' என்று எதையாவது கொண்டுபோய் விடுகிறவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைக்க வேண்டும்.

இவ்வளவு அடிபட்ட ஒரு கடலில் இருந்து ஒரு கிளை குறைந்தாலும் கணக்கில் வரும். அது நம்மூர்க் கடலாக இல்லாமல் இந்தோனேசியக் கடலாக இருந்தால் மட்டும் என்ன, அங்கேயும் ஒரு தூத்துக்குடிக்காரன் இருப்பான்.

"அப்ப கடல்தொட்டியே வேண்டாம்கிறீங்களா?" இல்லவே இல்லை. நானே வைத்திருக்கிறேனே. என் யோசனை இவ்வளவுதான்:

1. மீன் மட்டும் உள்ள தொட்டியில் தொடங்குங்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீன் கடலில் பிடித்ததை விடப் பொரிப்பகத்தில் பிறந்தது உறுதியானது, தீவனமும் உடனே சாப்பிடும். மீன்தொட்டி சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். பெரிய ஆளாக உள்ள நண்பர் ஒருவர் இரண்டு நாளைக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் உங்கள் மே மாதம் ஓடிவிடும்.

2. கல்லுக்குச் செயற்கைக் கல். கடலில் எடுத்த 'உயிர்க்கல்' என்று விற்பது பெரும்பாலும் பவளத்தின் பழைய எலும்புதான்.

3. 'சுலபமான பட்டன் பவளம் வைத்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது தள்ளிவிட்டால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டோ, பிரஷ்ஷால் தேய்த்தோ, அதன் ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் ஆபத்து. தவழுகிற குழந்தை உள்ள வீட்டில், மூடிய ஃபிளாட்டில் இது எதற்கு?

4. பவளத்தைப் பார்க்க ஆசையா? இருக்கும் இடத்துக்குப் போங்கள். புனேயில் இருந்து மால்வன் ஒரு இரவுப் பயணம். அங்கே கடலுக்குள் முகமூடி போட்டுக்கொண்டு பார்க்கலாம். குஜராத்தில் இருப்பவர்கள் ஜாம்நகர் பக்கம் நராரா போகலாம். 1982இல் தேசியப் பூங்காவான கட்ச் வளைகுடாப் பகுதி அது. கடல் வற்றும் நேரத்தில் வழிகாட்டியோடு நடந்தே போய்ப் பார்க்கலாம். மும்பைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் ஹாஜி அலி, வொர்லி பாறைகளிலேயே பவளம் உண்டு. 2020இல் கடற்கரைச் சாலைக்காக அவற்றை அனுமதி வாங்கிப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க வேண்டி வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறை நடத்தும் படகுப் பயணங்களை விசாரித்துவிட்டுப் போங்கள், பருவத்தைப் பொறுத்து நடக்கும். தண்ணீருக்குள் இறங்கினால் எதன் மேலும் காலை வைக்காதீர்கள், எதையும் பொறுக்காதீர்கள்.

நம்மில் பலர் தொட்டி வைப்பது பிள்ளைகளுக்காக. ஊர்க் கடலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம், பிள்ளைகளுக்குக் கடல் என்றால் என்ன என்று காட்ட வேண்டும் என்ற ஏக்கம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அதே ஏக்கம்தான். எங்கள் வீட்டுச் சின்னவள் நீமோ படம் பார்த்த நாளில் இருந்து, "நம்ம தொட்டியில ஏன்பா பவளம் இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அது ஊர்ல இருக்கு" என்று சொன்னேன். "யார் பாத்துக்கறாங்க?" என்றாள். கடல் பார்த்துக்கொள்கிறது, வனத்துறை பார்த்துக்கொள்கிறது, தூத்துக்குடியில் தண்ணீருக்குள் மூழ்கி நடுகிறவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை, போன வருஷம் பாம்பனில் படகில் ஏற்றிக் காட்டிய பிறகுதான் கேள்வியை நிறுத்தினாள். இப்போது வேறு கேள்வி: "வெள்ளையா இருக்கே, அது செத்துப்போச்சா, இல்ல பசிக்குதா?" தொட்டி வைத்திருக்கும் எத்தனையோ பெரியவர்கள் கேட்காத கேள்வி அது.

ஆகவே மக்களே, ஏற்கெனவே மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அதை நன்றாக வைத்திருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடையில் ஆரஞ்சு நிறத்தில் எதுவாவது விரிந்து கண்ணடித்தால், உங்கள் மே மாத டிக்கெட்டை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். 20 நாள் நீங்கள் இல்லாதபோது அந்த நாற்பது வாய்க்கு யார் ஊட்டுவார்கள் என்று பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம். பேர் சொல்ல முடியாதவர்கள் பர்ஸை மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள். ஒரு கை பிடித்தால் ஃபில்டர் காப்பி நிச்சயம் :-)